எண்பத்தொன்பதாம் நாள்

ரூவி, மஸ்கட்
24-4-1988

அன்புள்ள சீனிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உன் கோபமும் என்கூடவே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வந்துவிட்டது. நல்லவேளை, அதற்குத் தனியாக டிக்கெட் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது நீ வாசல் வரைக்கும்கூட வரவில்லை. மாமாதான் பஸ் ஏற்றிவிட்டார். நிறைமாசம், வெளியே வெயில், அதனால்தான் வரவில்லை என்று செங்கோட்டை வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அதற்கு மேல் அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

நேரில் சொன்னபோது நீ காது கொடுக்கவில்லை. எழுத்தில் இருந்தால் படித்துத்தானே ஆகவேண்டும்? வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் ஊருக்கு வந்து தொண்ணூறு நாள் தங்கிவிட்டால், அந்த வருஷம் அவனை உள்ளூர்க்காரன் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் இங்கே வாங்கிய வருஷச் சம்பளம் முழுசுக்கும் அங்கே வரி கட்டவேண்டும். சோழபுரம் ராஜரத்தினத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, என் ரூமில் பக்கத்துக் கட்டில்? தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவன் மறுவீடு, ஆடிச்சீர் என்று நாலு மாசம் தங்கிவிட்டான். வீடு தேடிப் பழுப்புக் கவர் வந்தது. வயலை ஒத்திக்கு வைத்துக் கட்டிவிட்டு இங்கே வந்து இன்னும் அழுகிறான். கேம்ப்பில் யார் லீவுக்குக் கிளம்பினாலும் அவன்தான் காலண்டரில் கோடு போட்டுக் கொடுப்பான். ஜனவரி இருபதில் நான் ஊரில் இறங்கினேன். ஏப்ரல் பதினேழு எண்பத்தொன்பதாவது நாள். அதற்கு மேல் ஒருநாள் இருந்திருந்தால் இராஜபாளையத்தில் நம் வீடு அஸ்திவாரத்தோடு நின்றிருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே இன்னும் வேலை தொடங்கவில்லை. புது ஓட்டலின் ஏசி பிளாண்ட் மே கடைசியில்தான் கைக்கு வருமாம். அதுவரைக்கும் கேம்ப்பில் கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக்காரன் "ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாய்?" என்று கேட்கிறான்.

வலி எடுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. என் அம்மா வந்து உன்கூட இருக்கிறாள் என்பதில்தான் எனக்குத் தைரியம். பிறந்ததும் தந்தி கொடுக்கச் சொல்.

உன்
காளிராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
4-5-1988

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபத்துக்கு டிக்கெட் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிரிப்பு வரத்தான் செய்தது. அது வேற விஷயம்.

கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்க்கிறதுக்கா அவ்வளவு அவசரமாகப் போனீர்கள்? இங்கேயும் ஃபேன் இருக்கிறது. கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான்.

மில் முதலாளிகளுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸ், அத்தை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒருநடை போய் விசாரித்துவிட்டு வாங்க என்று மாசி மாசமே சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு வரி மறக்காமல் நினைவிருக்கிறது. "ஏட்டி, போயி கேட்டாலே பேரை எழுதிக்கிடுவாக. பொறவு நோட்டீஸ்தான்." படித்த மனுஷனிடம் கேட்கப் பயம். ராஜரத்தினம் அண்ணன் காலண்டரில் கோடு போட்டால் மட்டும் அது வேதவாக்கு. சூடு பட்டவர் சொல்கிறார் என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா?

சரி, போனது போகட்டும். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியது. நீங்கள் பக்கத்தில் இருக்கணும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் இல்லை. வீடு அஸ்திவாரத்தோடு நின்றால் நிற்கட்டுமே, நான் கேட்டேனா?

இரண்டு நாளாக இடுப்பு கடுக்கிறது. அத்தை சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து, "பொய்வலிதான், செத்த நேரம் படு" என்கிறாக. அப்பா ஆட்டோக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறார். உள்ளே இருக்கிறது ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உங்கள் பிள்ளை அல்லவா, கால் ஒரு இடத்தில் நிற்காது.

சீனியம்மாள்


ரூவி, மஸ்கட்
2-6-1988

சீனி,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முதல் தந்தி வந்த அன்று கேம்ப் முழுக்க அல்வா கொடுத்தேன். பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று மாமா கொடுத்திருந்தார். இரண்டாவது தந்தி வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். ராஜரத்தினம்தான் வாங்கிப் படித்திருக்கிறான். அவன் வாசலில் நின்ற நிலையைப் பார்த்ததும் என் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன். அல்வாக் கடைக்காரன் மலையாளி. அவனுக்கு விவரம் தெரியாது. இன்னும் என்னைக் கண்டால் "மோள் சுகமல்லே?" என்று கேட்கிறான். நான் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

என்ன நடந்தது சீனி? மாமாவின் கடிதத்தில் மஞ்சள் காமாலை, மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், என்று இரண்டே வரி. நீ ஒரு வரியும் எழுதவில்லை.

அவள் யார் ஜாடை? கறுப்பா, உன் நிறமா? முடி இருந்ததா? பத்து நாளும் உன் மடியில்தானே கிடந்தாள், ஏதாவது சொல். ஒரு போட்டோகூட எடுக்கவில்லையாமே. கண்ணை மூடினால் எனக்கு ஒரு முகமும் வரமாட்டேன் என்கிறது. அழுவதற்குக்கூட ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

உடனே வரணும் என்று மேனேஜரிடம் கேட்டேன். இப்போதுதான் பிளாண்ட் ஓட ஆரம்பித்திருக்கிறது, ஆள் இல்லை என்கிறார். கெஞ்சினால் விடுவார். ஆனால் இப்போது வந்தால் தொண்ணூறு தாண்டிவிடுமே என்று ராஜரத்தினம் சொல்கிறான். உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். நீ வா என்று ஒரு வார்த்தை எழுது, எது தாண்டினாலும் வருகிறேன்.

காளிராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21-6-1988

திரு. காளிராஜ் அவர்களுக்கு,

வரவேண்டாம். தொண்ணூறு தாண்டிவிடும்.

என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஏழாம் நாள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. மதுரைக்குக் கொண்டு போங்க என்று நர்சம்மா அன்றைக்கே சொன்னார். அத்தை, "காலை வெயில்ல காட்டுனா எறங்கிரும், நான் பாக்காத மஞ்சளா?" என்றாக. அப்பாவோ, "மாப்ள வீட்டுப் பிள்ள, நான் ஒண்ணு செஞ்சு ஏதாச்சும் ஆயிட்டா அவருக்கு என்ன பதில் சொல்ல?" என்று தயங்கினார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தீட்டுப்படுக்கையில் எழுந்து நிற்க முடியாதவள் பேச்சு எடுபடவில்லை. பெற்றவர் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் காரைக் கூப்பிட்டிருப்பார். இரண்டு நாள் வெயிலில் காட்டினோம். அப்புறம் அவள் பால் குடிக்கவில்லை. அப்புறம்தான் டாக்ஸி வந்தது. கல்லுப்பட்டி தாண்டி, திருமங்கலம் வருவதற்குள் முடிந்துவிட்டது. டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

அப்பாதான் துணியில் சுற்றி எடுத்துப் போய் ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்தார். பொம்பளைகள் அங்கே போகக் கூடாதாம். வாசல்படியோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவுதான் உங்களுக்கு. அவள் எப்படி இருந்தாள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னுடையது. அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

சீனியம்மாள்


ரூவி, மஸ்கட்
11-3-1990

அன்புள்ள சீனிக்கு,

லீவு முடிந்து வந்து ஒரு மாசம் ஆகிறது. நீ கொடுத்துவிட்ட எள்ளுருண்டையை கேம்ப்பில் ஒருத்தனுக்கும் கொடுக்காமல் நானே தின்று தீர்த்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

நாற்பது நாள் உன் வீட்டில் இருந்தேன். வேளாவேளைக்குச் சோறு போட்டாய். துவைத்த சட்டையை மடித்து வைத்தாய். நீ வேலைக்குப் போகிற காஸ் துணிக் கம்பெனியில் பேண்டேஜ் எப்படிச் சுற்றுகிறார்கள், டவுன் பஸ்ஸில் எவள் எவளோடு சண்டை போட்டாள் என்றெல்லாம் சொன்னாய். சில நேரம் சிரிக்கவும் செய்தாய். பழைய சீனிதான் என்று ஆசையாக வாயைத் திறந்து அந்தப் பிள்ளை என்று ஆரம்பித்தால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாய். அடுப்பில் ஒன்றும் இருக்காது. எனக்குத் தெரியும்.

அவளை வைத்த இடத்தையாவது காட்டுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் செருப்பை மாட்டிவிட்டார். நீ குறுக்கே வந்து நின்று, "போனா ரெண்டு பேரும் போவோம், இல்லாட்டி ஒருத்தரும் போக வேண்டாம்" என்றாய். மாமா, "பொம்பளப் பிள்ள அங்கன வரப்படாது தாயி" என்றார். கடைசியில் யாரும் போகவில்லை. நீ செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. உன்னை வாசலில் நிறுத்திவிட்டு எனக்கு மட்டும் போகக் கால் வருமா?

வீட்டுக்கு மச்சுப் போட்டாயிற்று என்று அம்மா யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறாள். நீ அங்கே போய் இருக்கக் கூடாதா? பூட்டிக் கிடப்பதற்கா கட்டினோம்?

நான் எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. அவளுக்கு முடி இருந்ததா என்று மட்டும் சொல். ஆமாம், இல்லை, அது போதும்.

உன்
காளிராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-4-1990

அத்தானுக்கு,

எள்ளுருண்டை அப்பா செய்யச் சொன்னது.

உங்கள் வீட்டுக்கு நான் ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த வீட்டில் ஒவ்வொரு செங்கலும் நீங்கள் என்னை விட்டுப் போன காசு. அதற்குள் எனக்குத் தூக்கம் வராது. வாடகைக்கு விடுங்கள். அத்தையிடம் எனக்குக் கோபம் இல்லை. அவுக செய்தது அறியாமை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்கிறோம், மீன்குழம்பு வைத்தால் தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுகிறாக.

நீங்கள் செய்தது அறியாமை இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்துச் செய்தது. அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை.

சீனியம்மாள்


ரூவி, மஸ்கட்
19-8-1994

அன்புள்ள சீனிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கொஞ்ச வருஷமாக நாம் இரண்டு பேரும் மழை, கரண்டு, மாமாவின் கண் ஆபரேஷன் என்று பத்திரமாக எழுதிப் பழகிவிட்டோம். அதை நானே கெடுக்கிறேன்.

இந்த வருஷ பட்ஜெட்டில் நம்ம மாதிரி ஆட்களுக்கு நாள் கணக்கைக் கூட்டிவிட்டார்கள். இனிமேல் லீவில் ஆறு மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஊரில் இருக்கலாம். கேம்ப்பில் ஒரே கொண்டாட்டம். விவரம் சொல்ல பம்பாயிலிருந்து ஒரு ஆடிட்டரைக் கம்பெனி வரவழைத்தது. சாப்பாட்டு ஹாலில் கூட்டம். எல்லாரும் ஆளுக்கொரு சந்தேகம் கேட்டார்கள். இந்தத் தடவை எனக்கும் கேட்கத் தைரியம் வந்தது. என் சிநேகிதன் ஒருத்தன், ஜனவரி இருபதில் போய் ஏப்ரல் பதினேழில் திரும்பினான், பழைய சட்டப்படி அவன் செய்தது சரிதானே என்று கேட்டேன்.

அவர் சின்ன வயசுக்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்கள் சிநேகிதன் அநாவசியமாக ஓடி வந்திருக்கிறார். வரி வருஷம் மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது. அதுவரை இருந்த நாள் பழைய வருஷத்துக்குப் போய்விட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். அவர் ஜூன் மாசக் கடைசி வரைக்கும் நிம்மதியாக ஊரில் இருந்திருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் போல. பக்கத்தில் ராஜரத்தினம் எழுந்து வெளியே போய்விட்டான். போய்ப் பார்த்தால் தண்ணீர் டேங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "ஏலே காளி, நான் கோடு போட்டுக் குடுத்தனேலே, நான் கோடு போட்டுக் குடுத்தனே" என்று அதையே சொல்கிறான். அவன் வரி கட்டிய வருஷம் வைகாசியில் வந்து ஆவணி வரைக்கும் இருந்தான். நடுவில் மார்ச் மாசமே வரவில்லை. அதனால் அவனுக்கும் தெரியவில்லை, அவனை நம்பிய எனக்கும் தெரியவில்லை.

ஜூன் கடைசி சீனி. மே மாசம் முழுக்க நான் அங்கே இருந்திருக்கலாம். நர்சம்மா சொன்ன அன்றைக்கு இருந்திருக்கலாம்.

நீ கேட்கச் சொன்னாய். கூப்பிடு தூரத்தில் ஆபீஸ் இருந்தது. கணக்கை முடித்துக்கொண்டு மொத்தமாக வந்துவிடுகிறேன் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டுக்கு வரலாமா, அம்மா வீட்டுக்குப் போகவா என்று மட்டும் தெரிவி.

காளிராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25-9-1994

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை காஸ் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கூட இருந்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

ஆறு வருஷமாக நான் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாயால் திட்டியது கம்மி, மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. காசா நாங்களா என்று பார்த்து, காசைத் தேர்ந்துகொண்டு போனார் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினேன், பஸ் ஏறி வேலைக்குப் போனேன். இப்போது அதையும் பிடுங்கிவிட்டீர்கள். காசுகூட இல்லையே அத்தான். ஒன்றுமே இல்லாததற்கு அல்லவா போயிருக்கிறீர்கள். உங்களைத் திட்ட வாய் வரவில்லை. பாவமாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் போய், இன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் நானே போவேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பை எடுத்தார். தெருவில் இரண்டு பேர் என்ன ஏது என்று கேட்டார்கள். அப்பா நிற்கவே இல்லை.

ஓடைக்கரை பூராவும் சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்கிறது. போன வருஷ வெள்ளத்தில் கரையும் பாதி இடிந்துவிட்டது. அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண்ணும் சரியாகத் தெரியவில்லை. "இங்கனதான் தாயி" என்று ஒரு இடத்தைக் காட்டினார். கொஞ்ச தூரம் நடந்து, "இல்ல, அங்கன ஒரு பாறை கெடக்கும், அதுக்கு மேக்க" என்றார். பாறை இல்லை. மூன்றாவதாக ஒரு இடத்தில் போய் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தொலச்சுட்டேனே தாயி, ஒம்பிள்ளைய எங்க வச்சேன்னு தெரியலையே" என்று குழந்தை மாதிரி அழுதார். நான்தான் தேற்றிக் கூட்டி வந்தேன். நானும் அழுதேன், முள்ளுக்குள்ளே.

அன்று ராத்திரி ஒன்று தோன்றியது. மண்ணிலும் அவளுக்கு இடம் இல்லை. போட்டோவும் இல்லை. முப்பது நாள் கழியாமல் எடுக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாக. அப்பாவும் அத்தையும் மறந்துகொண்டே வருகிறார்கள். எனக்கு மட்டும்தான் அவளைத் தெரியும். நானும் போய்விட்டால் அப்படி ஒருத்தி பிறந்ததே இல்லை என்றாகிவிடும். உங்களுக்குப் பங்கு கிடையாது என்று எழுதியிருந்தேன். அந்தப் பாவத்தை இனிமேல் என்னால் சுமக்க முடியாது. எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

முடி இருந்தது. நிறைய. காதுமடலில்கூடப் பூனைமுடி. நிறம் என் நிறம், மூக்கு அத்தை மூக்கு. கால் உங்கள் கால்தான், பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். பிறந்து இரண்டு நாள் இடது கண்ணைத் திறக்கவே இல்லை. வலது கண்ணை மட்டும் திறந்து டியூப்லைட்டையே பார்ப்பாள். மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டையும் திறந்தாள். மில் சங்கு ஊதினால் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடுவாள், அப்புறம் நான்தான் சத்தம் போட்டேன் என்கிற மாதிரி என்னை முறைப்பாள். பால் குடித்து முடித்தால் விக்கல். தாலிக்கயிற்றைப் பிடித்தால் விடமாட்டாள், விரல் விரலாகப் பிரிக்கணும். உள்ளங்கால் தோல் கடலைத்தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. தலையில் ஒரு வாடை உண்டு, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் வாருங்கள், சொல்லிப் பார்க்கிறேன். அம்மா வீட்டுக்கெல்லாம் போகவேண்டாம், நேரே இங்கே வாருங்கள்.

அடிக்கடி தும்முவாள். ஒவ்வொரு தும்மலுக்கும் அத்தை "நூறு, நூறு" என்று ஆயுசு சொல்லுவாக. எனக்குச் சிரிப்பாக இருக்கும். டாக்ஸியில் கல்லுப்பட்டி தாண்டியதும் ஒரு தடவை தும்மினாள். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாக, கவனிக்கவில்லை. நான்தான் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து நூறு என்று சொன்னேன்.

சீனி